கிளிப் போட வேண்டிய வேலைக்கு இன்ஜினை இறக்கி வைத்திருக்கிறேன்

இந்த மாதத்தில் என் பட்டறைக்கு இது மூன்றாவது வண்டி. குறுவை அறுவடை நேரம், கொள்முதல் நிலையத்தில் நெல் ஏற்றிக்கொண்டு குடோனுக்குப் போன லாரி நீடாமங்கலம் தாண்டி வெள்ளைப் புகையோடு நின்றுவிட்டது என்று கட்டி இழுத்து வந்தார்கள். இன்ஜினின் மேல்மூடியான ஹெட்டுக்கு அடியில் இருக்கும் கேஸ்கட் போய்விட்டது, ஹெட் வளைந்துவிட்டது, இன்ஜின் ஆயில் பால் கலந்த டீ மாதிரி வருகிறது. எங்கே ஆரம்பித்தது என்று பார்த்தால் ரேடியேட்டரின் மேல்பக்க ரப்பர் ஹோஸில், அதை இறுக்கிப் பிடிக்கும் கிளிப்புக்குப் பக்கத்தில் கால் அங்குல விரிசல். பத்து நாளாகச் சொட்டுகிறதாம். "சின்ன லீக்குதானே அண்ணே, காலையில ஒரு கேன் தண்ணி ஊத்திட்டு எடுத்துடுவேன்" என்கிறார் டிரைவர் தம்பி.

அந்த ஒரு கேன் தண்ணீர்தான் என் கோபமே. ரேடியேட்டரில் இருக்க வேண்டியது வெறும் தண்ணீர் இல்லை, கூலன்ட் கலந்த திரவம். கூலன்ட் எதற்கு என்று கேட்டால் இந்தப் பக்கம் பத்தில் எட்டுப் பேர் சொல்லும் பதில், "அது பனி ஊருக்குங்க, தஞ்சாவூர்ல தண்ணி உறையவா போகுது?" என்பது. உறையாது, சரி. ஆனால் உறையாமல் காப்பது கூலன்ட் செய்யும் வேலைகளில் ஒன்று, அவ்வளவுதான். நமக்கு வேண்டியது மற்ற வேலைகள். துருப்பிடிக்காமல் பார்ப்பது, கொதிக்கும் வெப்பநிலையை உயர்த்துவது, அப்புறம் யாரும் பேசாத ஒன்று, டீசல் இன்ஜினின் லைனரைக் (பிஸ்டன் ஏறி இறங்கும் இரும்புக் குழல்) காப்பது. லைனரைச் சுற்றி நேரடியாகத் தண்ணீர் ஓடும் இன்ஜின்களில், ஒவ்வொரு முறை எரியும்போதும் லைனர் அதிரும். அந்த அதிர்வில் வெளிப்பக்கம் குட்டிக் குமிழிகள் உண்டாகி உண்டாகி உடையும், உடைகிற ஒவ்வொன்றும் இரும்பை ஒரு கொத்து கொத்தும். கூலன்டில் இருக்கும் மருந்து அங்கே ஒரு படலம் போட்டுக் காக்கிறது. நீங்கள் தினமும் ஒரு கேன் பச்சைத் தண்ணீர் ஊற்ற ஊற்ற அது நீர்த்துக்கொண்டே போகிறது, பத்தாம் நாள் ரேடியேட்டரில் இருப்பது பேருக்கு நிறம் காட்டும் தண்ணீர். கழற்றிய லைனரில் ஊசியால் குத்தியது போல வரிசையாகத் துளைகளைப் பார்த்திருக்கிறேன். ஓனர்கள் "மேக் சரியில்லை" என்று கம்பெனியைத் திட்டுவார்கள்.

அதுவும் என்ன தண்ணீர்? நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம் போர் தண்ணீர் வாயில் வைக்க முடியாத உப்பு. குளிக்கவே யோசிக்கிற தண்ணீரை அலுமினிய ரேடியேட்டருக்குள் விடுகிறோம். வேறு வழியே இல்லாமல் பட்டறை வரை வந்து சேர ஊற்றுகிறீர்களா, சுத்தமான கேன் தண்ணீர் ஊற்றுங்கள், வந்ததும் "தண்ணி ஊத்தியிருக்கேன்" என்று சொல்லுங்கள். மறைத்தால் எனக்கு எப்படித் தெரியும்?

இன்னொரு நம்பிக்கை, டேஷ்போர்டில் சூட்டைக் காட்டும் முள்ளைப் பார்த்துக்கொண்டே ஓட்டினால் போதும் என்பது. தண்ணீர், சூட்டை அளக்கும் சென்சாருக்குக் கீழே இறங்கிவிட்டால் முள் பொய் சொல்லும். உள்ளே இன்ஜின் வெந்துகொண்டிருக்க, முள் பேசாமல் நடுவில் நிற்கும். இந்தத் தம்பியும் "முள் ஏறவே இல்லையே அண்ணே" என்றுதான் சத்தியம் செய்தார். அவர் பொய் சொல்லவில்லை.

சரி, அந்த லீக்கைச் சரிசெய்ய எவ்வளவு நேரம் ஆகும்? இன்ஜின் ஆறியிருந்தால் அரை மணி. கொஞ்சம் கூலன்டைச் சுத்தமான தட்டில் வடித்துவிட்டு, கிளிப்பைத் தளர்த்தி, ஹோஸைத் திருகித் திருகிக் கழற்ற வேண்டும். ஸ்க்ரூ டிரைவரை விட்டு நெம்பாதீர்கள், ரேடியேட்டர் கழுத்து உடைந்தால் செலவு வேறு. கழுத்தில் படிந்திருக்கும் வெள்ளைப் படிவைத் துடைத்து எடுத்துவிட்டுப் புது ஹோஸைக் கழுத்து நுனியில் இருக்கும் மேட்டைத் தாண்டித் தள்ளி, கிளிப்பை மேட்டுக்கு உள்பக்கம் வைத்து இறுக்குங்கள். ஹோஸின் ரப்பர், கிளிப்பின் பிளவுகள் வழியே பிதுங்கினால் அதிகமாகிவிட்டது. லீக் என்றாலே இன்னும் ஒரு திருகு என்று கை போகிறது, அந்தத் திருகில்தான் பாதி ஹோஸ்கள் அறுகின்றன. கட்டுக்கம்பி போட்டு முறுக்கியிருப்பதைப் பார்த்தால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

விரிசல் நுனியில் மட்டும் இருந்து, ஹோஸில் நீளமும் இருந்தால் ஓர் அங்குலம் வெட்டிவிட்டு மாட்டலாம். ஆனால் முதலில் ஹோஸை நடுவில் ஒருமுறை, கிளிப்புக்குப் பக்கத்தில் ஒருமுறை அமுக்கிப் பாருங்கள். நடுவில் கெட்டியாகவும் முனையில் தொளதொளவென்றும் இருந்தால் உள்ளிருந்து பிளந்துகொண்டிருக்கிறது, வெட்டிப் பயனில்லை. பிசுபிசுவென்று ஊதியிருந்தால் ஆயிலோ டீசலோ சொட்டுகிறது, அதை நிறுத்தாமல் ஹோஸ் மாற்றுவது வீண். பழைய சைக்கிள் ட்யூபைச் சுற்றுவது பட்டறை வரை வருவதற்கு, பட்டுக்கோட்டைக்கு லோடு அடிப்பதற்கு அல்ல.

நிரப்பும்போது மெதுவாக ஊற்றி, இன்ஜினை ஓடவிட்டுக் காற்றை வெளியேற்றுங்கள். தெர்மோஸ்டாட் (சூடேறியதும் ரேடியேட்டருக்கு வழிவிடும் வால்வு) திறந்ததும் அளவு இறங்கும், பதறாமல் மறுபடி ஊற்றுங்கள். (தெர்மோஸ்டாட்டையே பிடுங்கி எறிந்துவிட்டு "இப்ப ஹீட்டே ஆகாது" என்று அனுப்புகிற என் தொழில்காரர்களுக்குத் தனியாக ஒருநாள் எழுதுகிறேன்.) அறுவடைக் காலத்தில் ரேடியேட்டர் முகத்தில் பதரும் வைக்கோல் தூசியும் அப்பியிருக்கும், அதையும் உள்பக்கத்திலிருந்து வெளியே வருமாறு மெல்லத் தண்ணீர் அடித்துக் கழுவுங்கள். ஒரு டிரிப் போய் வந்து ஆறியபின் கிளிப்பை ஒருமுறை பாருங்கள்.

இதை மட்டும் கெஞ்சிக் கேட்கிறேன். சூடான ரேடியேட்டரின் மூடியைத் திறக்காதீர்கள், கிளீனர் பையனைத் திறக்கச் சொல்லவே சொல்லாதீர்கள். மூடி பிடித்து வைத்திருக்கும் அழுத்தத்தால்தான் நூறு டிகிரி தாண்டியும் அது கொதிக்காமல் இருக்கிறது, திருகிய நொடியில் கொதிநீரும் ஆவியுமாக முகத்தில் அடிக்கும். மேலே சாக்குப் போட்டுத் திறந்தால் ஒன்றும் ஆகாது என்று நினைத்த பையன் ஒருவன் போன வருடம் முழங்கை வரை தோல் உரிந்து வந்தான், மேலே டூத்பேஸ்ட் வேறு பூசியிருந்தார்கள். வெந்துவிட்டால் ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம் காட்டிவிட்டு ஆஸ்பத்திரிக்குப் போங்கள். சூடான இன்ஜின் மேல் பச்சைத் தண்ணீரைக் கொட்டாதீர்கள், இரும்பு விரிசல் விடும்.

வடித்த கூலன்டை ரோட்டோரமோ வாய்க்காலிலோ ஊற்றாதீர்கள். இனிப்பாக இருக்கும், ஆடும் நாயும் நக்கும், சிறுநீரகம் போய்ச் சாகும். பட்டறையில் அதற்கென்று ஒரு டிரம் வைத்திருக்கிறேன், வேறெங்கே வேலை செய்தாலும் கேனில் பிடித்துக் கொண்டுவந்து இங்கே ஊற்றிவிட்டுப் போங்கள், காசு கேட்க மாட்டேன்.