மண் நிற்கிறது என்று நம்பி ஆளை இறக்காதீர்கள்

"கெட்டி மண்ணு சார், செவுரு மாதிரி நிக்குது. ஒண்ணும் ஆகாது."

பள்ளம் தோண்டும் எந்த சைட்டுக்குப் போனாலும் இந்தப் பதில்தான். சமீபத்தில் ஒரு பாதாள சாக்கடை வேலையைப் பார்க்கப் போனபோதும் மேஸ்திரி இதையேதான் சொன்னார். முந்தின நாள் மாலை அங்கே மண் சரிந்து ஒருவர் இறந்திருந்தார். இன்னும் சரியாமல் நின்ற எதிர்ப்பக்கத்தைக் காட்டித்தான் அவர் அப்படிச் சொன்னார்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையில் வேளச்சேரியில் கட்டுமானப் பள்ளம் சரிந்து இருவர் இறந்தார்கள். 2024 பிப்ரவரியில் ஊட்டி லவ்டேலில் தடுப்புச்சுவருக்காக மண் வெட்டியபோது, மேலிருந்த பழைய கட்டடம் சரிந்து ஆறு பெண் தொழிலாளர்கள் இறந்துபோனார்கள். இவை பெரிய செய்தியானதால் நமக்குத் தெரியும். தெருக்குழியில் ஒருவர் புதைந்தால் நாளிதழின் உள்பக்கத்தில் நாலு வரி, அவ்வளவுதான்.

கெட்டி மண் என்ற நம்பிக்கைக்கு வருகிறேன். வெட்டியதும் களிமண் செங்குத்தாக நிற்கும், உண்மைதான். உள்ளே இருக்கும் ஈரம் மண்ணைப் பிடித்து வைத்திருக்கிறது. ஆனால் பக்கத்தில் தாங்கிக்கொண்டிருந்த மண்ணை நீங்கள் எடுத்துவிட்டீர்கள். அந்த நிமிடத்திலிருந்தே நிற்கும் மண் மெல்ல மெல்லப் பள்ளத்துக்குள் சாய ஆரம்பிக்கிறது. விளிம்பிலிருந்து கொஞ்சம் தள்ளி, பள்ளத்துக்கு இணையாக முடிபோல மெல்லிய ஒரு விரிசல் கோடு விழும். சிமெண்ட் மூட்டை இறக்குபவர் அதை மிதித்துக்கொண்டே போவார். வெயில் அடித்தால் ஈரம் போய் மண் உதிரும். மழை பெய்தால் அந்தக் கோட்டுக்குள் தண்ணீர் இறங்கி மண்ணைப் பள்ளத்துப் பக்கம் நெட்டும். ஓரத்தில் ஜேசிபி ஓடினால் அதிர்வு வேறு. காலையில் நின்ற மண் மாலையில் நிற்கும் என்பதற்கு எந்த ஆதாரமும் கிடையாது. அதுவும் நம் ஊர்த் தெருக்கள் குடிநீர்க் குழாய்க்கும் கேபிளுக்கும் ஏற்கெனவே பலமுறை தோண்டி மூடியவை. அந்த நிரப்பு மண்ணைக் கெட்டி மண் என்று சொல்ல எப்படித்தான் மனசு வருகிறதோ!

அடுத்தது, "ஆளுயரம்கூட இல்லையே" என்பது. நாலடிக் குழியில் குழாய் இணைப்பவர் நின்றுகொண்டா வேலை செய்கிறார்? குந்தி உட்கார்ந்து, தலையைக் குனிந்து செய்கிறார். தோண்டிய மண்ணை விளிம்பிலேயே மூன்றடிக்குக் குவித்திருப்பீர்கள். அவர் பக்கத்தில் இப்போது ஏழடி உயர மண். ஒரு கன மீட்டர் மண் ஏறக்குறைய ஒன்றரை முதல் இரண்டு டன், ஒரு காரின் எடை. நெஞ்சு வரை புதைந்தாலே போதும். மூச்சை விடும்போது மண் இறுகும், மறுபடி இழுக்க நெஞ்சு விரியாது. முகம் வெளியே தெரிய, பேசிக்கொண்டிருந்தபடியே இறந்தவர்கள் உண்டு.

இதற்கெல்லாம், வேலையில் என்ன ஆபத்து வரலாம் என்று முன்கூட்டியே எழுதும் ரிஸ்க் அசெஸ்மென்ட் படிவத்தில் என்ன எழுதியிருக்கிறது? "ஹெல்மெட் அணிய வேண்டும்." போன வேலையின் படிவத்தில் தேதியை மட்டும் மாற்றியிருப்பார்கள். ஹெல்மெட் மண்சரிவை நிறுத்தாது, ஐயா. பள்ளத்துக்குள் ஆளை இறக்காமலே அந்த வேலையைச் செய்ய முடியுமா என்பதுதான் அந்தப் படிவத்தின் முதல் கேள்வியாக இருக்க வேண்டும்.

இறக்கியே ஆகவேண்டுமென்றால், ஐஎஸ் 3764 (பள்ளம் தோண்டும் வேலைக்கான இந்தியப் பாதுகாப்பு விதி) போன்றவை சொல்வது கஷ்டமானதே இல்லை. ஒன்றரை மீட்டருக்கு மேல் ஆழம் போனால் பலகை வைத்து முட்டுக் கொடுங்கள். இடமிருந்தால் சரிவாகவோ படிப்படியாகவோ வெட்டுங்கள். மண் மோசமாக இருந்தால் அந்த ஆழம் வரை காத்திருக்காதீர்கள். தோண்டிய மண் விளிம்பிலிருந்து ஒன்றரை மீட்டராவது, அல்லது ஆழத்தில் பாதியாவது, எது அதிகமோ அவ்வளவு தள்ளி இருக்க வேண்டும். தெரு குறுகலா? டிராக்டரில் ஏற்றி அப்புறப்படுத்துங்கள். அடிமண்ணைக் குடைந்து எடுக்கவே கூடாது. ஏணி 30 மீட்டருக்கு ஒன்று என்பது குறைந்தபட்சம்தான். பயந்து ஓடுகிறவர் எட்டிப் பிடிக்கும் தூரத்தில் வையுங்கள். தினமும் காலையில், மழை விட்ட பிறகு, சாப்பாட்டுக்குப் பிறகு விளிம்பைச் சுற்றி நடந்து விரிசல் பாருங்கள். விரிசல் தெரிந்தால் எல்லோரும் மேலே வரட்டும். பக்கத்தில் பழைய மதிலோ கட்டடமோ இருந்தால், அதன் அஸ்திவாரம் எவ்வளவு ஆழம் என்று தெரியாமல் கடப்பாரையைத் தொடாதீர்கள்.

சரிந்துவிட்டால், தயவுசெய்து உடனே உள்ளே குதிக்காதீர்கள். முதல் சரிவுக்குப் பிறகு இரண்டாவது வரும். காப்பாற்றப் போன அண்ணன் தம்பிகளையும் அது மூடியிருக்கிறது. ஜேசிபி பக்கெட்டால் ஆளைத் தேடாதீர்கள். கையைப் பிடித்தோ கயிறு கட்டியோ இழுக்காதீர்கள். 101, 108 இரண்டுக்கும் சொல்லிவிட்டு, மண்வண்டிகளை நகர்த்தி, விளிம்பில் கூடும் கூட்டத்தை விலக்குங்கள். முட்டுக் கொடுத்த பிறகு, முகத்தையும் நெஞ்சையும் முதலில் கையால் விடுவிக்க வேண்டும்.

வீடு கட்டுகிறவர்களுக்கும் ஒரு வேண்டுகோள். சம்ப்புக்கும் செப்டிக் டேங்குக்கும் கொட்டேஷன் வாங்கும்போது பலகைக்கும் சவுக்குக் கட்டைக்கும் தனியாக ஒரு வரி போடச் சொல்லுங்கள். அந்த வரி இல்லையென்றால் அந்தச் செலவை யாரும் செய்யப்போவதில்லை. வேலை ஆரம்பித்த பிறகு நீங்களே போய்ப் பாருங்கள். கட்டைகள் பள்ளத்துக்குள் இல்லாமல் வெளியே அடுக்கியிருந்தால், ஆட்களை மேலே வரச் சொல்லிவிட்டு மேஸ்திரியைக் கூப்பிடுங்கள்.