விலையைப் பார்க்கும் முன் அடிப்பக்கத்தைப் பாருங்கள்

மரச்சாமான் பழுதுபார்ப்பது என் தொழில். பட்டறைக்கு வருவதெல்லாம் பழைய சாமான்கள் என்று பலர் நினைக்கிறார்கள். வாங்கி இரண்டு மூன்று வருடம்கூட ஆகாத அலமாரிகளும், கீல் பிய்ந்து தொங்கும் கதவுகளும், நடுவில் குழி விழுந்த சோபாக்களும்தான் அதிகம் வருகின்றன. அவற்றைக் கொண்டுவருகிறவர்களில் பலர் பட்ஜெட் போட்டு, எண்ணி எண்ணிச் செலவு செய்தவர்கள். "சரிபண்ண முடியுமா?" என்று அவர்கள் கேட்கும்போது, முடியாது என்று சொல்ல மனம் வருவதில்லை. ஆனால் பல நேரம் அதுதான் உண்மை. கையில் பணம் குறைவாக உள்ளவர்களுக்குத்தான் ஒரு பொருள் நீண்ட நாள் உழைக்க வேண்டும்.

விலை மலிவான புதுச் சாமான்களில் பெரும்பாலும் இருப்பது பார்ட்டிகிள் போர்டு. மரச்சில்லுகளைப் பசையோடு கலந்து அழுத்திப் பலகையாக்கி, மேலே மர நிறத்தில் ஒரு மெல்லிய தாளை ஒட்டியிருப்பார்கள். அது மோசமான பொருள் என்று சொல்ல மாட்டேன். ஈரம் படாத இடத்தில், ஒரே மூலையில் அசையாமல் நிற்கும் அலமாரிக்கு அது போதும். ஆனால் அதற்கு இரண்டு பலவீனங்கள் உண்டு. ஓரம் வழியாகத் தண்ணீர் இறங்கினால் பலகை உப்பிவிடும், காய்ந்த பிறகும் பழையபடி ஆகாது. அடுத்தது, ஸ்குரூவை ஒருமுறை கழற்றி மாட்டினாலே துளை தளர்ந்துவிடும். அடிக்கடி வீடு மாறுகிறவர்கள் பீரோ, கட்டில் இரண்டையும் இந்தப் பலகையில் வாங்கவே வேண்டாம். இரண்டாவது முறை கழற்றும்போதே ஆட்டம் கண்டுவிடும்.

இந்தப் பலகையில் புத்தக அலமாரி வாங்குகிறவர்கள் தட்டின் நீளத்தைக் கவனியுங்கள். இரு பக்கமும் தாங்கலுள்ள ஒரு தட்டின் நீளம் இரண்டு மடங்கானால், அதே கனத்தைப் பரவலாக வைத்தாலும் நடுவில் தொய்வு எட்டு மடங்காகும். அதனால் நீளமான தட்டுள்ள ஒரு பெரிய அலமாரியைவிட, குட்டையான தட்டுகளுள்ள இரண்டு சின்ன அலமாரிகள் மேல்.

சரி, கடையில் எதைப் பார்ப்பது? முன்பக்கப் பளபளப்பை விட்டுவிட்டு முதுகைப் பாருங்கள். அலமாரி கோணாமல் நிற்பது பின்பலகையால்தான். அது சும்மா சிறு ஆணி அடித்து ஒட்டப்பட்டிருக்கிறதா, பள்ளம் வெட்டி உள்ளே செருகப்பட்டிருக்கிறதா என்று தடவிப் பாருங்கள். மேல்மூலையைப் பிடித்துப் பக்கவாட்டில் மெல்லத் தள்ளுங்கள். கடையிலேயே ஆடுகிற அலமாரி, வீட்டில் துணிமணி ஏறியதும் கண்டிப்பாகச் சாயும். சோபாவில் உட்காரும் இடத்தை அமுக்கிவிட்டு "கெட்டியாக இருக்கிறது" என்று முடிவு செய்யாதீர்கள். ஃபோமின் கெட்டித்தன்மை வேறு, அடர்த்தி வேறு. கெட்டியாகத் தெரியும் மலிவு ஃபோம்கூடச் சீக்கிரம் குழிந்துபோகும். தினமும் உட்காரும் இருக்கைக்குக் கன மீட்டருக்கு 30 கிலோ அளவாவது அடர்த்தி வேண்டும். விற்பவரிடம் அந்த எண்ணைக் கேட்டு வாங்குங்கள்.

அதே பணத்துக்கு நான் சொல்லும் வழி, பழைய கெட்டி மரச் சாமான். இங்கே ஒரு ரகசியம் உண்டு. வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து ஒதுக்குகிறார்களோ, அதில் பாதி எளிதாகச் சரிசெய்யக்கூடியது. கீறல், மங்கிய வார்னிஷ், ஆடும் கால், இவற்றைக் காட்டித்தான் விலை இறங்கும். ஆடும் நாற்காலியில் பெரும்பாலும் நடந்திருப்பது ஒன்றுதான்: மரத்துக்குள் மரம் செருகிய மூட்டில் பழைய பசை உதிர்ந்திருக்கும். மூட்டைக் கழற்றி, பழைய பசையை மரம் தெரியும்வரை சுரண்டிவிட்டு, புதுப் பசை தடவி, கயிற்றால் இறுக்கி ஒருநாள் வைத்தால் போதும். சுரண்டாமல் மேலேயே பசை ஊற்றினால் பிடிக்காது. மரத்தில் ஸ்குரூத் துளை பெரிதாகிவிட்டதா? மருந்து நுனியை ஒடித்த தீக்குச்சிகளைப் பசையில் தோய்த்துத் துளையில் நெருக்கமாகச் செருகி, காய்ந்ததும் தளமாக வெட்டிவிட்டு ஸ்குரூவைப் போடுங்கள். நன்றாகப் பிடிக்கும்.

எதைத் தொடக் கூடாது என்பதும் தெரிய வேண்டும். முறுக்கிக்கொண்ட சட்டம், ஓரம் உப்பிய பலகை, உளுத்த மரம் ஆகிய மூன்றும் வேண்டாம். உளுத்ததா என்று பார்ப்பது எளிது. சிறு துளைகள் தெரிந்தால் கீழே வெள்ளைத் தாளை விரித்து, மரத்தைத் தட்டுங்கள். வெளிறிய, மாவு போன்ற தூள் புதிதாகக் கொட்டினால் பூச்சி உள்ளே இன்னும் வேலை செய்யக்கூடும். தட்டும்போது பொள்ளென்று ஓசை வந்தால் கரையான் தின்ற மரமாக இருக்கலாம்.

பழைய மெத்தையை மட்டும் இலவசமாகக் கொடுத்தாலும் வாங்காதீர்கள். மூட்டைப்பூச்சி இரத்தம் குடிக்காமலே பல மாதங்கள் உயிரோடு இருக்கும். பழைய கட்டில், சோபா வாங்கினாலும் தையல் மடிப்பு, ஆணித் துளை, சட்டம் சேரும் இடுக்கு எல்லாவற்றிலும் டார்ச் அடித்துப் பாருங்கள். கரும்புள்ளிகள், உரிந்த தோல் தெரிந்தால் திரும்பி வந்துவிடுங்கள்.

பெயிண்ட் அடித்த பழைய சாமானில் இன்னொரு ஆபத்து இருக்கிறது. பல ஆண்டுகளுக்கு முன்பு அடித்த பெயிண்டில் ஈயம் இருக்கலாம். அதைக் காய்ந்தபடியே எமரித் தாளால் தேய்த்தால் தூள் வீடெங்கும் பரவும், சிறுபிள்ளைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். குழந்தைகளுக்கான தொட்டில், நாற்காலி என்றால் பழைய பெயிண்ட் அடித்ததே வேண்டாம்.

அளவெடுக்காமல் வாங்கிவிட்டுத் தவிப்பவர்களும் நிறைய. வாசல் அகலம், மாடிப்படித் திருப்பம், கூரை உயரம் மூன்றையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். தரையில் படுக்கவைத்துப் பாகங்களைச் சேர்த்து, பிறகு நிமிர்த்தும் பீரோவுக்குக் கூரை உயரம் மிக முக்கியம். 210 செ.மீ. உயரம், 60 செ.மீ. ஆழம் உள்ள பீரோவை நிமிர்த்தும்போது அதன் மூலை சுமார் 218 செ.மீ. உயரம்வரை போகும். கூரை 215 செ.மீ. என்றால் நிமிர்த்தவே முடியாது. மேசையையும் நாற்காலியையும் தனித்தனியாக வாங்கினால், உட்காரும் பலகைக்கும் மேசைத் தளத்துக்கும் நடுவே 25 முதல் 30 செ.மீ. இருக்கட்டும்.

அப்புறம், எல்லாவற்றையும் ஒரே நாளில் 'செட்'டாக வாங்கும் ஆசையை விடுங்கள். தவணைக்கு வட்டி இல்லை என்று சொல்லும் இடத்தில், ரொக்கமாகக் கொடுத்தால் என்ன விலை, பரிசீலனைக் கட்டணம் எவ்வளவு என்று கேளுங்கள். அந்த வித்தியாசம்தான் வட்டி. முதலில் தூங்க நல்ல மெத்தை, வேலை செய்ய ஒரு மேசை, முதுகைத் தாங்கும் ஒரு நாற்காலி. மற்றதெல்லாம் மெல்ல வரட்டும். ஒரு மாதம் அந்த வீட்டில் புழங்கினால், சோபா எங்கே வேண்டும், வேண்டுமா என்பதே தெரிந்துவிடும்.

வாங்கி வந்ததும் செய்ய வேண்டியது ஒன்று பாக்கி இருக்கிறது. உயரமான அலமாரியையும் டிராயர் பெட்டியையும் சுவரோடு சேர்த்துப் பூட்டுங்கள். திறந்த டிராயரில் குழந்தை கால் வைத்து ஏறினால் முன்பக்கம் சாய்ந்துவிடும். இதற்கு இரண்டு எல் வடிவ இரும்புப் பட்டைகள் போதும். வாடகை வீடு என்றால், சுவரில் துளை போட வீட்டு உரிமையாளரிடம் முதல் வாரத்திலேயே அனுமதி வாங்கிவிடுங்கள்.