ஜாப் ஒர்க் பில்லும் 45 நாளும்: திருப்பூர்ச் சங்கங்களின் கையிலேயே இருக்கும் நிவாரணம்

2025 செப்டம்பர் இரண்டாவது வாரம். வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆபீஸைப் பூட்டக் கிளம்பும் நேரத்தில் ஒரு அம்மா வந்தார். எட்டு மெஷின் போட்டு, பனியன் கம்பெனிகளுக்குக் கூலிக்குத் தைத்துக் கொடுக்கும் பவர் டேபிள் யூனிட் நடத்துகிறவர். கட்டைப்பையில் ஒரு நீள நோட்டு, ரப்பர் பேண்ட் போட்ட டெலிவரி சலான் கட்டு. "நாளைக்குச் சம்பளம் போடணுங்க சார். 2,60,000 ரூபாய் நிக்குது. முன்னெல்லாம் ஒரு வாரம் தள்ளிப்போகும், இப்ப போனே எடுக்கறதில்லைங்க" என்றார். திருப்பூரில் சனிக்கிழமை சம்பளம் என்பது தள்ளிப்போடக்கூடிய விஷயம் இல்லை. தையல்காரர் அந்தப் பணத்தை எதிர்பார்த்து மளிகைக் கடையில் வாரக் கணக்கு வைத்திருப்பார்.

நோட்டை வாங்கிப் பார்த்தேன். நின்றுபோன பில்கள் எல்லாம் மே, ஜூன் மாத வேலைக்கானவை. அமெரிக்கா நம் சரக்குக்கு 50 சதவீத வரி போட்டது ஆகஸ்ட் 27-ஆம் தேதி. அதாவது அவர் தைத்துக் கொடுத்த பீஸ்கள் அந்த வரி வருவதற்கு முன்பே கம்பெனிக்குப் போய்ச் சேர்ந்துவிட்டன. ஆனால் செப்டம்பரில் பணம் கேட்டால் கிடைக்கும் பதில், "அமெரிக்க ஆர்டர் நின்னுபோச்சுங்க, கொஞ்சம் பொறுங்க" என்பதுதான்.

இந்த ஊரில் இருபது வருடமாகக் கணக்குத் தணிக்கை செய்கிறேன். ஏற்றுமதி செய்கிறவர்களும் என்னிடம் வருகிறார்கள், அவர்களுக்குத் தைத்துக் கொடுக்கிறவர்களும் வருகிறார்கள். இரண்டு பக்கத்துக் கணக்கையும் பார்க்கிறவன் என்கிற முறையில் ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கஷ்ட காலம் வந்தால் இங்கே முதலில் நிற்பது கரண்ட் பில் அல்ல, பேங்க் தவணை அல்ல, நூல் மில் பணமும் அல்ல. முதலில் நிற்பது ஜாப் ஒர்க் பில், அதாவது கூலிக்கு வேலை செய்து கொடுக்கிறவருக்குச் சேரவேண்டிய பணம். மற்ற மூன்றையும் கட்டாவிட்டால் மறுநாளே விளைவு தெரியும். ஜாப் ஒர்க்காரரால் அப்படி எதுவும் செய்ய முடியாது, அடுத்த ஆர்டரும் அதே இடத்திலிருந்துதான் வரவேண்டும்.

ஏற்றுமதியாளர்களை வில்லனாக்க இதை எழுதவில்லை. சுமார் 40,000 கோடி ரூபாய் ஏற்றுமதி செய்கிற ஊரில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கு அமெரிக்காவுக்குப் போகிறது என்றால் 50 சதவீத வரி எப்பேர்ப்பட்ட அடி என்பதைச் சொல்லத் தேவையில்லை. வெளிநாட்டு பையர் 90 நாள், 120 நாள் கடன் கேட்டார், அதற்குமேல் வரியில் பாதியை நீ ஏற்றுக்கொள் என்று தள்ளுபடியும் கேட்டார். அந்த மாதங்களில் என் எதிரே உட்கார்ந்து கணக்குப் பார்த்த சில முதலாளிகளின் முகத்தை நான் மறக்கவில்லை. ஆனால் அவர்களுக்குப் பேச ஒரு சங்கம் இருக்கிறது. டெல்லிக்குப் போகிறது, மனு கொடுக்கிறது, பருத்தி இறக்குமதி வரியை எடுங்கள் என்கிறது, வட்டி மானியம் கேட்கிறது. அந்த ஆகஸ்டிலேயே 11 சதவீதப் பருத்தி இறக்குமதி வரி தற்காலிகமாக நீக்கப்பட்டது, அப்புறம் அது டிசம்பர் 31 வரை நீட்டிக்கப்பட்டது. சங்கங்கள் சேர்ந்து குரல் கொடுத்தால் காது கேட்கும் என்பதற்கு இது ஒரு சாட்சி. என் கேள்வி, அந்த நிவாரணம் கீழே எதுவரைக்கும் இறங்குகிறது என்பதுதான்.

சங்கம் என்றால் என்ன செய்ய முடியும் என்பதை இந்த ஊர் ஏற்கெனவே காட்டியிருக்கிறது. பனியன் உற்பத்தியாளர்களின் சைமா 1956-இல் தொடங்கியது, ஏற்றுமதியாளர் சங்கம் 1990-இல். 2011 ஜனவரி கடைசியில் சென்னை உயர் நீதிமன்றம் நொய்யல் ஆறு மாசுபட்ட வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொன்னபோது 700-க்கும் மேற்பட்ட பட்டறைகள் நின்றன. துணி வெளியூருக்குச் சாயம் போடப் போய்வந்த நாட்கள் அவை. பெரிய பட்டறைக்காரர் தனியாக சவ்வூடு வடிகட்டியும் ஆவியாக்கும் கொதிகலனும் போட்டுக்கொள்வார். நாலு வின்ச் சாய மெஷின் வைத்திருக்கிறவர் என்ன செய்வார்? பொது சுத்திகரிப்பு நிலையம் என்கிற ஏற்பாடு இருந்ததால்தான் அவர் பிழைத்தார். பல பட்டறைகள் பங்குதாரராகச் சேர்ந்து ஒரே நிலையம், அவரவர் அனுப்பும் கழிவுநீரின் அளவுக்கு ஏற்பக் கட்டணம். இப்படி 18 பொது நிலையங்கள் வழியாகத்தான் ஒரு சொட்டுக் கழிவுநீரும் வெளியே விடாத முறைக்கு இந்த ஊர் மாறியது. எல்லோரும் தாங்கவில்லை, பலர் அப்போதே தொழிலை விட்டார்கள், அதையும் மறைக்கக் கூடாது. ஆனாலும் சிறியவரையும் ஒரே குழாயில் இணைத்துக்கொண்டதால்தான் மிச்சம் இருந்தவர்கள் நின்றார்கள்.

2020-இல் நடந்தது வேறு கதை. கொரோனா ஊரடங்கில் மத்திய அரசு 3 லட்சம் கோடி ரூபாய்க்கு அவசரக் கடன் உத்தரவாதத் திட்டம் அறிவித்தது. பிணை வேண்டாம், முதல் ஒரு வருடம் அசல் கட்ட வேண்டாம், வங்கி வட்டிக்கு 9.25 சதவீத உச்சவரம்பு. நல்ல திட்டம், என் வாடிக்கையாளர்கள் பலரைக் காப்பாற்றியது. ஆனால் கடன் அளவு எப்படிக் கணக்கிடப்பட்டது? 2020 பிப்ரவரி 29 அன்று நிலுவையில் இருந்த கடனில் 20 சதவீதம். வங்கியில் கடனே இல்லாமல் நகையை அடகு வைத்தும் கந்து வட்டிக்கு வாங்கியும் யூனிட் ஓட்டியவருக்கு 20 சதவீதம் என்பது பூஜ்யம். அதே நேரத்தில் 100 பேர் வரை உள்ள நிறுவனங்களுக்கு, அதில் பெரும்பாலோர் 15,000 ரூபாய்க்குக் கீழே சம்பளம் வாங்குகிறவர்களாக இருந்தால், முதலாளி பங்கு தொழிலாளி பங்கு இரண்டையும் சேர்த்து 24 சதவீத பி.எஃப். தொகையை அரசே கட்டியது. பி.எஃப். பதிவே இல்லாத சந்துக்குள் அதுவும் நுழையவில்லை. மேலேயிருந்து வரும் எந்த நிவாரணமும் காகிதம் இருக்கிறவர் வாசலோடு நின்றுவிடுகிறது என்பதை அந்த வருடம் கண்கூடாகப் பார்த்தேன்.

அதனால் காகிதத்தைப் பற்றிப் பேசுவோம். இதை ஜாப் ஒர்க்காரர்கள் கவனமாகப் படிக்க வேண்டும்.

2006-ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தர நிறுவனங்கள் சட்டம் என்று ஒன்று இருக்கிறது. குறு, சிறு நிறுவனம் கொடுத்த சரக்குக்கோ செய்த வேலைக்கோ எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன நாளுக்குள், அதிகபட்சம் 45 நாளுக்குள் பணம் கொடுக்க வேண்டும். ஒப்பந்தமே இல்லையென்றால் 15 நாள்தான். எல்லோரும் 45 என்றே நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். நம் ஊரில் எத்தனை பவர் டேபிளுக்கு எழுத்து ஒப்பந்தம் இருக்கிறது? அப்படியானால் பெரும்பாலானவர்களுக்குக் கெடு 15 நாள். தாமதமானால் ரிசர்வ் வங்கியின் வங்கி விகிதத்தைப்போல மூன்று மடங்கு கூட்டு வட்டி, அதுவும் மாதம் மாதம் அசலோடு சேரும். 2025 ஆகஸ்டில் அந்த விகிதம் 5.75 சதவீதம், ஆக வட்டி 17.25. அந்த வட்டியைக் கட்டுகிற கம்பெனி அதை வருமான வரியில் செலவாகக் காட்டவும் முடியாது.

டேமேஜ் விஷயமும் இதில் வருகிறது. மூன்று மாதம் கழித்துப் பணம் கேட்கப் போகும்போது "இருநூறு பீஸ் டேமேஜ், ஷார்ட்டேஜ் வேற" என்று பில்லில் கழிப்பது இங்கே வாடிக்கை. சரக்கு கைக்கு வந்த 15 நாளுக்குள் எழுத்தில் ஆட்சேபம் சொல்லாவிட்டால் அதை ஏற்றுக்கொண்டதாகவே சட்டம் எடுத்துக்கொள்கிறது. ஆகவே சலானில் தேதியோடு கையெழுத்து வாங்குவது அவ்வளவு முக்கியம். அந்த அம்மாவின் சலான் கட்டில் பாதிக்குமேல் கையெழுத்து இல்லை. வாட்ச்மேனிடம் பண்டலைக் கொடுத்துவிட்டு வந்துவிடுவாராம்.

இந்தப் பாதுகாப்பெல்லாம் வேண்டுமென்றால் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தர நிறுவனங்களுக்கான மத்திய அரசின் பதிவு வேண்டும். 2020 ஜூலை 1 முதல் இருக்கிறது, கட்டணம் ஒரு பைசா கிடையாது, ஆதாரும் பான் கார்டும் போதும், ஜி.எஸ்.டி. எடுக்கவேண்டிய அளவு வருமானம் இருந்தால் அந்த எண்ணும். ஆயிரம், இரண்டாயிரம் வாங்கிக்கொண்டு எடுத்துத் தருகிற ஆட்கள் இருக்கிறார்கள், தயவுசெய்து கொடுக்காதீர்கள். இன்னொன்று, வேலையை ஏற்பதற்கு முன்பே பதிவை முடித்துவிடுங்கள். பணம் நின்ற பிறகு எடுத்தால் பழைய பில்லுக்குச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டா இல்லையா என்பதே தனி வழக்காகிவிடும். பதிவு இருந்தால் நிலுவைக்கு ஆன்லைனிலேயே மனு போடலாம், அது இத்தகைய நிலுவைத் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கல் கவுன்சிலுக்குப் போகும், முதலில் சமரசம், ஒத்துவராவிட்டால் நடுவர் தீர்ப்பு. அந்தத் தீர்ப்பை எதிர்த்து நீதிமன்றம் போகிற கம்பெனி 75 சதவீதத் தொகையை முதலில் கட்டிவிட்டுத்தான் போகமுடியும்.

சட்டம் இவ்வளவு வலுவாக இருந்தும் ஏன் யாரும் போவதில்லை? மனு போட்ட மறுநாள் அந்தக் கம்பெனியின் வேலை போய்விடும், மற்ற கம்பெனிகளுக்கும் பேச்சுப் போய்விடும் என்ற பயம்தான். தனி ஆளாகப் போனால் அந்தப் பயம் நியாயமானது, இல்லை என்று நான் சொல்லமாட்டேன். இந்த இடத்தில்தான் சங்கம் வேண்டும்.

2024 பிப்ரவரி, மார்ச் மாதங்களை நினைத்துப்பாருங்கள். வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) என்ற பிரிவு அந்த நிதியாண்டின் கணக்கிலிருந்து அமலுக்கு வந்தது. குறு, சிறு நிறுவனத்துக்குக் கெடு நாளுக்குள் பணம் கொடுக்காவிட்டால், அந்தச் செலவை அந்த வருடம் கழிக்கமுடியாது, பணம் கொடுத்த வருடத்தில்தான் கழிக்கலாம் என்பது அதன் சாரம். ஜவுளித் தொழிலே பரபரத்தது. பல ஊர்களின் வர்த்தக அமைப்புகள் தள்ளிவையுங்கள் என்று மனு கொடுத்தன. என் வாடிக்கையாளர் ஒருவருக்கு, செக்கிங்கும் அயர்னிங்கும் செய்கிறவர், "உங்க உத்யம் பதிவை ரத்து பண்ணிடுங்க, இல்லைன்னா வேலை கொடுக்க முடியாது" என்று போன் வந்தது. அவரும் ரத்து செய்துவிடலாமா என்று கேட்டு என்னிடம் வந்தார். வேண்டாம் என்றேன். அந்தக் கம்பெனி மூன்று மாதம் வேலை கொடுக்கவில்லை, நான் சொன்ன வார்த்தைக்காக அவர் கஷ்டப்பட்டார் என்பது இன்றும் எனக்கு உறுத்தல்தான். அந்த நேரத்தில் ஒரு சங்கமாவது, "எங்கள் உறுப்பினர் யாரும் ஜாப் ஒர்க்காரரைப் பதிவை ரத்து செய்யச் சொல்லக்கூடாது" என்று ஒரு சுற்றறிக்கை விட்டிருந்தால் போதும். மேலே இருக்கிறவரிடம் நாம் கேட்கும் நியாயத்தை நமக்குக் கீழே இருக்கிறவருக்கும் கொடுக்கவேண்டும் அல்லவா?

சங்கங்களிடம் நான் கேட்பது பெரிய பணம் செலவாகும் காரியம் இல்லை. உறுப்பினர் படிவத்தில் ஜாப் ஒர்க் பில்லுக்கு 45 நாள் என்று ஒரு வரி சேருங்கள். நிலுவைப் பட்டியலை மாதம் ஒருமுறை பெயர் வெளியே போகாமல் வாங்கி, மூத்த உறுப்பினர் இருவர் போனில் பேசினாலே பாதி தீரும். தொழிலாளர் சம்பள ஒப்பந்தத்தைத் தொழிற்சங்கங்களோடு உட்கார்ந்து பல வருடங்களுக்குப் பேசி முடிக்கிற பழக்கம் நம் ஊரில் உண்டு. பவர் டேபிள்காரர்களோடு கூலி ஒப்பந்தம் போடுகிற வழக்கமும் இருக்கிறது. ஆனால் கூலி எவ்வளவு என்று பேசுகிற அளவுக்கு, அது எப்போது கைக்கு வரும் என்று பேசுவதில்லை. ரேட்டை உயர்த்திவிட்டு நான்கு மாதம் கழித்துக் கொடுத்தால், அந்த உயர்வைக் கந்து வட்டிக்காரர்தான் எடுத்துக்கொள்கிறார்.

அப்புறம் குறைந்த சந்தாவில் ஜாப் ஒர்க்காரர்களுக்கு இணை உறுப்பினர் அட்டை. நடத்துகிறவர்களில் நிறையப் பேர் பெண்கள், கொரோனாவுக்குப் பிறகு வட மாநிலத்திலிருந்து வந்து தையல்காரராக இருந்து சொந்தமாக நாலு மெஷின் போட்டவர்களும் இருக்கிறார்கள். ஹாலில் நடக்கும் கருத்தரங்குக்கு அவர்கள் வரமாட்டார்கள், வேலையை விட்டுவிட்டு வரவும் முடியாது. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவர்கள் இருக்கும் தெருவுக்கே ஒரு லேப்டாப்போடு போனால் இரண்டு மணி நேரத்தில் இருபது பேருக்கு உத்யம் போட்டுவிடலாம், தமிழும் இந்தியும் தெரிந்த ஒரு ஆள் கூட இருந்தால் போதும். நானும் இன்னும் மூன்று நண்பர்களும் இதை இலவசமாகச் செய்யத் தயாராக இருக்கிறோம், எந்தச் சங்கம் கூப்பிட்டாலும் வருகிறோம்.

அந்த அம்மாவின் விஷயத்துக்கு வருகிறேன். அன்று இரவே சலான்களைத் தேதிவாரியாக அடுக்கி ஒரு கணக்கு அறிக்கை தயார் செய்து, கம்பெனி மேனேஜருக்கு வாட்ஸ்அப்பிலும் தபாலிலும் அனுப்பச் சொன்னேன். மிரட்டல் எதுவும் இல்லை, "இந்தப் பாக்கியை உறுதி செய்யவும்" என்ற ஒரே வரி. கூடவே, ஒரு சங்கத்தில் பொறுப்பில் இருக்கும் தெரிந்தவரிடம் விஷயத்தைச் சொன்னேன், அவர் அந்த முதலாளியிடம் பேசினார். சனிக்கிழமை மத்தியானம் 60,000 வந்தது. தீபாவளிக்கு முன்னால் இன்னும் 1,20,000. மிச்சம் 80,000-ஐ டேமேஜ் என்று கழித்துவிட்டார்கள், கையெழுத்தில்லாத சலான்களை வைத்துக்கொண்டு அதற்குமேல் பேச முடியவில்லை.

இப்போது அவரிடம் உத்யம் எண் அச்சடித்த பில் புத்தகம் இருக்கிறது. பண்டல் கொண்டுபோகும் பையனிடம் கையெழுத்து வாங்காமல் திரும்பி வரக்கூடாது என்று சொல்லியிருக்கிறார். போன மாதம் வந்தபோது பக்கத்துத் தெருவில் காஜா பட்டன் போடும் இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு வந்தார். அவர்களிடமும் ஆளுக்கு ஒரு நீள நோட்டு இருந்தது.