காப்பகச் செலவை யார் சம்பளத்தில் கழிப்பது?

மனிதவளத் துறையில் இருப்பதால் ராஜினாமா கடிதங்கள் என் மேஜைக்குத்தான் வரும். கைக்குழந்தை வைத்திருக்கும் பெண்களின் கடிதத்தில் பெரும்பாலும் ‘சொந்தக் காரணங்களுக்காக’ என்றிருக்கும். உட்காரவைத்துப் பேசினால் ஒரு கணக்கு வெளியே வரும்: “குழந்தைக் காப்பகத்துக்கும் ஆட்டோவுக்கும் போக என் சம்பளத்துல என்ன மேடம் மிஞ்சுது? பேசாம வீட்டிலேயே இருன்னு எல்லாரும் சொல்றாங்க.”

கணக்கு அங்கேயேதான் தப்பாகிறது. குழந்தை இருவருக்கும் பொது. அப்புறம் ஏன் காப்பகச் செலவை அம்மா சம்பளத்தில் மட்டும் கழிக்கிறோம்? அப்பா சம்பளத்தில் கழித்துவிட்டு, “இவர் வேலைக்குப் போய் என்ன பிரயோஜனம்?” என்று எந்த வீட்டிலும் கேட்டு நான் அறிந்ததில்லை. காப்பகச் செலவு சில வருடங்களில் குறைந்துவிடும். வேலையை விட்டால் போகும் ஊதிய உயர்வும், அந்த வருடங்களில் சேர்ந்திருக்க வேண்டிய பி.எஃப். தொகையும் திரும்பி வராது. ஐந்து ஆண்டு தொடர் பணி முடியாவிட்டால் பணிக்கொடையும் (கிராஜுவிட்டி) பொதுவாகக் கிடைக்காது. இடைவெளிக்குப் பிறகு வருபவரிடம் பழைய சம்பளத்துக்கும் கீழே பேரம் பேசுவதை நானே பார்த்திருக்கிறேன். வேதனையாக இருக்கும்.

மகப்பேறு நலச் சட்டத்தின் 2017 திருத்தம் முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வார விடுப்பு தந்தது. 50 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் காப்பகம் வேண்டும் என்றது. பெரிய உதவிதான். ஆனால் காப்பகத்துக்கு நாளுக்கு நான்கு முறை போய்வரும் உரிமையை அம்மாவுக்கு மட்டுமே எழுதிவைத்தது. மத்திய அரசில் வேலை பார்க்கும் தந்தைக்கு 15 நாள் விடுப்பு உண்டு. தனியார் துறையில் தந்தையர் விடுப்பைக் கட்டாயமாக்கும் சட்டமே இல்லை. அரசின் தொழிலாளர் காப்பீடான இ.எஸ்.ஐ.யின் சம்பள வரம்பைத் தாண்டியவருக்கு அந்த 26 வாரச் சம்பளமும் முதலாளி தலையில்தான். நேர்காணலில் பெண்ணிடம் மட்டும் “குழந்தையை யார் பார்த்துப்பாங்க?” என்ற கேள்வி எழுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

2019 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பில், தங்கள் வீட்டு வேலையைச் சம்பளமின்றிச் செய்யும் பெண்கள் அதற்கு நாளுக்குச் சராசரியாக 299 நிமிடமும் ஆண்கள் 97 நிமிடமும் செலவிட்டார்கள். அதுவும் வீட்டு வேலை செய்த ஆண்களே நூற்றுக்கு 26 பேர்தான்.

மேலாளர்களுக்கு ஒரு வேண்டுகோள். குழந்தைக்குக் காய்ச்சல் என்று ஒரு அப்பா லீவு கேட்டால், “வீட்ல அவங்க இல்லையா?” என்று கேட்காதீர்கள். அந்த ‘அவங்க’ளும் எங்கோ ஒரு அலுவலகத்தில் அதே லீவுக்குக் கெஞ்சிக்கொண்டிருப்பார். ராஜினாமா எழுத நினைக்கும் அம்மாக்களே, முதலில் காப்பக வசதியைப் பற்றி நிறுவனத்திடம் எழுத்தில் கேளுங்கள். விடுப்பு முடிந்தபின் வீட்டிலிருந்து வேலை செய்ய முடியுமா என்றும் கேளுங்கள். ஒப்புக்கொண்டால் அதற்கும் சட்டத்தில் இடமுண்டு. அப்புறம் காப்பகக் கட்டணத்தை இரண்டாகப் பிரித்து, இரண்டு சம்பளத்திலும் கழித்துப் பாருங்கள்.