மெய்நிகர்: பனையேறி நடுங்கிய கதை

பாளையங்கோட்டைப் பொருட்காட்சியில், கண்ணை மறைத்து வேறோர் உலகைக் காட்டும் கருவியைத் தலையில் மாட்டிக்கொண்ட என் மாமா, இரு கட்டடங்களுக்கு நடுவே தெரிந்த பலகையில் நான்கு எட்டு வைப்பதற்குள் நடுங்கிப்போய் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தது சிமெண்டுத் தரையில். திசையன்விளைப் பக்கம் முப்பது வருடம் பனை ஏறியவர் அவர். "பனையில் நெஞ்சு மரத்தோடு ஒட்டியிருக்கும் மருமகனே, காலில் தளைநார் கிடக்கும். இங்கே பிடிக்க ஒன்றுமே இல்லையே" என்றார்.

இதுதான் விர்ச்சுவல் ரியாலிட்டி: கணினி காட்டும் காட்சிக்குள்ளேயே நிற்பதுபோல் நம்மை உணரவைக்கும் உத்தி. 'விர்ச்சுவல்' என்பதன் வேர் லத்தீனின் 'விர்தூஸ்', அதாவது ஆற்றல். பெயரளவில் இல்லாவிட்டாலும் விளைவில் இருப்பது என்ற பொருள் பின்னால் வந்தது. 1938இல் வெளிவந்த தன் நாடக நூலில் பிரெஞ்சுக்காரர் அந்தோனன் ஆர்த்தோ இந்த இணைச்சொல்லை ஆண்டிருக்கிறார். கணினி உலகில் பரப்பியவர் அமெரிக்கக் கணினி அறிஞர் ஜேரன் லேனியர், 1980களில். கருவியோ அதற்கும் முந்தியது: இன்னொரு அமெரிக்கக் கணினி அறிஞர் ஐவன் சதர்லேண்ட் 1968இல் காட்டிய தலைக்கருவி கூரையிலிருந்து தொங்கியது.

கண்ணாடியில் தெரிவதை நம் இயற்பியல் பாடநூல் 'மாய பிம்பம்' என்கிறது. அந்த வழியில் 'மாய மெய்ம்மை' என்பாரும் உண்டு. எனக்கு அது ஒப்பவில்லை. மாயம் என்றால் ஏமாற்று வாடை அடிக்கிறது. 'மெய்நிகர்' பொருத்தமானது. 'நிகர' என்பது நன்னூல் சொல்லும் உவம உருபுகளில் ஒன்று. மெய் என்றால் உண்மை, உடம்பும்கூட. மாமாவின் கண் கண்டது பொய்தான். ஆனால் அச்சம் என்னும் மெய்ப்பாடு, அதாவது உள்ளத்து உணர்ச்சியின் வெளிப்பாடு, உடம்பில் மெய்யாகவே வந்ததே! 'மெய்நிகர் உண்மை' என்று நீட்டுவது மட்டும் கூறியது கூறல், சொன்னதையே திரும்பச் சொல்லும் குற்றம். செல்பேசியில் நடந்த வகுப்பை 'மெய்நிகர் வகுப்பு' என்பதும் தவறு. அது இணையவழி வகுப்பு.

உடம்பு நம்பிவிடுகிறது என்பதால்தான் மருத்துவர்கள் இதைக் கையில் எடுத்தார்கள். உயரத்துக்கு அஞ்சுவோரை மெய்நிகர் மாடிகளில் படிப்படியாக ஏற்றிப் பயத்தைக் குறைத்த ஆய்வு 1995இலேயே வெளிவந்தது. வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் தீக்காய நோயாளிகளுக்குச் சிகிச்சையின்போது பனி உலகம் ஒன்றைக் காட்டினார்கள். பனிப்பந்து எறிவதில் மனம் போய்விட, வலி குறைந்ததாக நோயாளிகளே சொன்னார்கள். நாசாவில் விண்நடைப் பயிற்சிக்கும் இதுவே.

நம் பக்கத்துக்கு வேண்டியது அகழாய்வில். ஆதிச்சநல்லூர் போன்ற இடத்தில் ஒரு மண்ணடுக்கைத் தோண்டிவிட்டால் அது திரும்பாது. தோண்டத் தோண்ட லேசரால் அளந்து வைத்தால், முதுமக்கள் தாழி கிடந்த கிடையிலேயே பின்னால் வருபவர் மெய்நிகரில் குழிக்குள் இறங்கிப் பார்க்கலாம்.

மாமாவுக்கு இந்தச் சொல்லாராய்ச்சி எதுவும் வேண்டாம். அவருக்கு அது இன்றும் 'கண்கட்டுப் பெட்டி'.