கான்பான்: பலகையா, சீட்டா?

தீர்ந்த அளவுக்கு மட்டும் சரக்கைக் கேட்டு நிரப்பும் தொழிற்கூட முறைக்குக் கான்பான் என்று பெயர். ஜப்பானிய மொழியில் ‘கான்’ என்பது பார்த்தல், ‘பான்’ என்பது பலகை. கடை வாசலில் மாட்டும் பெயர்ப்பலகைக்கு அங்கே இன்றும் இதுதான் பெயர். ஜப்பானியர் இரண்டு அசையையும் குறிலாகவே சொல்வார்கள். நடுவில் உள்ள ‘ன்’ அடுத்த எழுத்தோடு சேர்ந்து ‘ம்’ ஆகிவிடும். காதில் ஏறக்குறைய ‘கம்பன்’ என்றே விழும். நாம் நீட்டிச் சொல்வது ஆங்கிலம் வழியாக வந்த பழக்கம். பார்த்தல் என்ற பொருளை வைத்து நம் ‘காண்’ என்ற வினையோடு இதை முடிச்சுப் போட வேண்டாம். அது வெறும் ஒலி ஒற்றுமை.

இதைத் தொழிற்கூடத்துச் சொல்லாக்கியவர் டொயோட்டாவின் பொறியாளர் தாயிச்சி ஓனோ. அமெரிக்க சூப்பர்மார்க்கெட்டில் வாங்குபவர் எடுத்த அளவுக்குத்தான் அலமாரித் தட்டை மறுபடி நிரப்புவார்கள். 1950-களின் தொடக்கத்தில் அவர் இதையே எந்திரக்கூடத்தில் கொண்டுவந்தார்: அடுத்த பிரிவு எடுத்தால்தான் முந்தைய பிரிவு செய்யலாம். ‘இன்னது, இத்தனை வேண்டும்’ என்று பெட்டியோடு போய்வந்த அட்டைக்குக் கான்பான் என்று பெயர் விழுந்தது.

எனவே தமிழில் ‘பலகை’ என்று பெயர்ப்பது சொல்லுக்குச் சரி, பொருளுக்குச் சரியில்லை. அந்த அட்டை அறிவிப்பதில்லை, கேட்கிறது. வங்கியில் ‘கேட்பு வரைவோலை’ என்ற வழக்கு ஏற்கெனவே இருக்கிறது. அந்த வழியில் ‘கேட்புச் சீட்டு’ என்பதே பொருந்தும். முறையைக் ‘கேட்புச் சீட்டு முறை’ எனலாம்.

கோவையில் மோனோபிளாக் பம்ப் (மோட்டாரும் பம்பும் ஒரே தண்டில் சேர்ந்தது) பூட்டும் சிறு பட்டறை ஒன்றை எடுத்துக்கொள்வோம். நாளுக்கு 20 பம்ப், ஒன்றுக்கு 2 பேரிங் என்றால் 40 பேரிங் செலவாகும். சீட்டைக் கழற்றியதிலிருந்து சரக்கு வந்துசேர 3 நாள். 40-ஐ 3-ஆல் பெருக்கினால் 120. இருபது விழுக்காடு கூடுதல் காப்பு சேர்த்தால் 144. பெட்டிக்கு 24 பேரிங் வைத்தால் 6 பெட்டி, 6 சீட்டு. ஒவ்வொரு சீட்டிலும் பொருளின் பெயர், எண், பெட்டி அளவு, எங்கிருந்து வரும், எந்தத் தட்டுக்குப் போகும் என்பவற்றோடு ‘6-இல் 3’ என்பது போன்ற வரிசை எண்ணும் இருக்க வேண்டும்.

பெட்டியிலிருந்து முதல் பேரிங்கை எடுக்கும்போதே சீட்டைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட வேண்டும். ஆணியில் தொங்கும் சீட்டுதான் அடுத்த பெட்டிக்கான ஆர்டர். பெட்டி காலியானபின் மாட்டினால் ஒவ்வொரு சுற்றிலும் பாதி நாளுக்கு மேல் கைவிட்டுப் போகும். இந்த முறை படுத்துக்கொள்வது பெரும்பாலும் இங்கேதான். அடுத்த தவறு, மாட்டிய சீட்டுகளை வாரம் ஒருமுறை மொத்தமாக எடுத்து ஆர்டர் போடுவது. சீட்டு ஆணியில் தொங்கும் நாளும் அந்த 3 நாளுக்குள் அடக்கம். வாரம் ஒருமுறை என்றால் 6 சீட்டு எந்த மூலைக்கும் போதாது. சட்டைப்பையில் போன சீட்டு இன்னும் ஆபத்து. ஒரு சீட்டு தொலைந்தால் இருப்பில் 24 பேரிங் சத்தமில்லாமல் குறைந்துவிடும், யாருக்கும் தெரியாது. வரிசை எண் போடுவது அதற்காகத்தான். சனிக்கிழமை பெட்டியிலும் ஆணியிலும் சப்ளையரிடமும் உள்ளவற்றைக் கூட்டினால் ஆறு வர வேண்டும்.

கோடையில் பம்ப் விற்பனை ஏறும். அதற்கு முன்பே கணக்கைத் திரும்பப் போட்டுச் சீட்டைக் கூட்டுங்கள், மழைக்காலத்தில் குறையுங்கள். வருடத்துக்கு நாலு தடவை மட்டும் தேவைப்படும் உருப்படிக்குச் சீட்டே போடக் கூடாது. ஆர்டர் வந்தபின் வாங்கினால் போதும்.

இப்போது ‘செய்ய வேண்டியது, நடப்பது, முடிந்தது’ என்று மூன்று பத்தி பிரித்த டிரெல்லோ போன்ற செயலித் திரைகளையும் கான்பான் என்கிறார்கள். அங்கே உண்மையிலேயே பலகை இருப்பதால் ‘பணிப்பலகை’ என்ற பெயர் தகும். ஆனால் ‘நடப்பது’ பத்தியில் ஒரே நேரத்தில் எத்தனை வேலை இருக்கலாம் என்ற வரம்பு கட்டாயம். இரண்டு பேர் வேலை செய்யும் பட்டறையில் 3 என்று வைத்தால், ஒன்று முடியாமல் நாலாவதைத் தொடக் கூடாது. அந்த வரம்பு இல்லாத பலகையைப் ‘பணிப்பட்டியல்’ என்றே எழுதுங்கள்.