குக்கர் விசிலுக்குத் தூக்கிவாரிப் போட்டது ஏன்?

போன சனிக்கிழமை ராத்திரி பெங்களூரு அல்சூரில் அக்கா வீட்டில் இருந்தேன். பத்தாவது படிக்கும் அக்கா மகள் விளக்கையெல்லாம் அணைத்துவிட்டு ஒரு பேய்ப் படம் போட்டாள். ஆரம்பித்து ஆறு நிமிஷம் ஆகியிருக்கும், திரையில் ஒன்றுமே நடக்கவில்லை. ஒரு பழைய வீடு, நீளமான ஒரு நடை, கேமரா மெதுவாக உள்ளே போய்க்கொண்டிருக்கிறது, அவ்வளவுதான். அப்போது அடுக்களையில் குக்கர் விசில் அடித்தது. பிறந்ததிலிருந்து தினமும் கேட்கிற விசில். ஆனால் அவளுக்குத் தூக்கிவாரிப் போட்டுவிட்டது, என் கையைப் பிடித்துக்கொண்டாள். "மாமா, பேயே இன்னும் வரலையே, நான் ஏன் இப்படிப் பயந்தேன்?" என்று கேட்டாள்.

அவளுக்கு அன்றைக்குச் சொன்ன பதிலைத்தான் கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

முதலில் சத்தம். செவிப்பறை, மூன்று குட்டி எலும்புகள், நத்தை எலும்பு, அங்கிருந்து நரம்பு என்பதெல்லாம் பள்ளியில் படித்ததுதான். ஒரு சத்தம் எந்தப் பக்கத்திலிருந்து வருகிறது என்பதை, அது இரண்டு காதுகளுக்கும் வந்து சேரும் நேர வித்தியாசத்தை வைத்து மூளை கணக்குப் போடுகிறது. அந்த வித்தியாசம் அதிகபட்சமே ஒரு மில்லி வினாடிக்கும் குறைவு. கீச்சென்ற சத்தமாக இருந்தால் தலையே ஒரு பக்கம் அதை மறைத்துவிடும், அதுவும் ஒரு துப்பு. ஆனால் இந்தப் படங்களின் தொடக்கத்தில் அடியில் 'உம்ம்' என்று ஓடிக்கொண்டே இருக்குமே, 50 ஹெர்ட்ஸ் பக்கத்தில், அதன் அலைநீளம் கிட்டத்தட்ட 7 மீட்டர். தலை அதற்கு ஒரு தடையே இல்லை. 'இங்கே தொடங்கியது' என்று பிடித்துக்கொள்ள ஓர் இடமும் அதில் கிடையாது. ஆகவே அறைக்குள் ஏதோ இருக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை.

அதன் மேல் வயலின் வில்லை அழுத்தித் தேய்த்த மாதிரி ஒரு சொரசொரப்பு வரும். 2015-இல் லூக் ஆர்னால், டேவிட் போப்பல் குழுவினர் மனித அலறலை அளந்து பார்த்தார்கள். சாதாரணப் பேச்சில் ஒலியின் அளவு வினாடிக்கு நாலைந்து தடவை ஏறி இறங்கும், அலறலிலோ 30 முதல் 150 தடவை. இந்தச் சொரசொரப்பு கூடக் கூட, கேட்பவர்கள் அதை அதிகப் பயங்கரமானதாகச் சொன்னார்கள், மூளைக்குள் அமிக்டலா என்ற பாதாம் பருப்பு வடிவப் பகுதியும் அதிகமாக இயங்கியது. யாரும் அலறாமலேயே அலறலின் முக்கியமான குணத்தை மட்டும் பின்னணி இசைக்குள் கரைத்துவிடலாம் என்று அர்த்தம்.

கேமராவின் வேலை வேறு. கையை நீட்டிக் கட்டைவிரல் நகத்தைப் பாருங்கள், கண் ஒரு நேரத்தில் கூர்மையாகப் பார்ப்பது கிட்டத்தட்ட அவ்வளவு இடத்தைத்தான். ஆளை ஓர் ஓரத்தில் நிறுத்திவிட்டு மீதி ஃப்ரேம் முழுக்க இருட்டுக் கதவாக வைத்தால், அந்தக் கதவைப் பார்ப்பதா ஆளைப் பார்ப்பதா என்று கண் அலைந்துகொண்டே இருக்கும். கேமராவைச் சக்கரத்தில் வைத்து நகர்த்தி எடுக்கும் டிராலி ஷாட்டில் இன்னொரு சங்கடம். நிஜ வாழ்க்கையில் பயமாக இருந்தால் நாம் நின்றுவிடுவோம், இங்கே கேமரா நிற்காமல் நம்மையும் கூட்டிக்கொண்டு போகிறது.

சரி, இதெல்லாம் எதற்கு? எனக்கு ரொம்பப் பிடித்த விஷயம் இங்கேதான் இருக்கிறது. திடீர்ச் சத்தத்துக்குத் தூக்கிவாரிப் போடுகிறதே, அந்த அனிச்சைச் செயலின் பாதை அவ்வளவு குட்டையானது. எலிகளில் மைக்கேல் டேவிஸ் குழுவினர் அதைத் தேடித் தேடி வரைந்திருக்கிறார்கள்: காதிலிருந்து வரும் நரம்பு, மூளைத்தண்டில் பெரிய நியூரான்கள் கொண்ட ஒரு சின்னக் கூட்டம், அங்கிருந்து தண்டுவடம், உடனே தசை. மனிதர்களில் கண்ணிமை மூடிக்கொள்ளத் தொடங்க 30 முதல் 50 மில்லி வினாடி போதும். 'அட, குக்கர்தானே' என்ற யோசனை மூளையின் மேல்தளத்தில் உருவாவதற்குள் கண் மூடி, கழுத்து சுருங்கி, தோள் ஏறி எல்லாம் முடிந்துவிடுகிறது.

இந்தப் பாதைக்கு, ரேடியோவில் சத்தத்தைக் கூட்டுகிற மாதிரி ஒரு திருகு இருக்கிறது. ஒரு விளக்கு எரிந்தால் மின் அதிர்ச்சி வரும் என்று பழக்கிய எலிகள், அந்த விளக்கு எரியும்போது திடீர்ச் சத்தம் கேட்டால் வழக்கத்தைவிட அதிகமாகத் துள்ளும் என்று 1951-லேயே பார்த்துவிட்டார்கள். அதிர்ச்சியே தர வேண்டாம், வரலாம் என்ற எதிர்பார்ப்பே போதும். அமிக்டலாவிலிருந்து மூளைத்தண்டின் அந்தக் கூட்டத்துக்கு இணைப்பு இருப்பதும், பயம் அதன் வழியாகத்தான் திருகை ஏற்றுகிறது என்பதும் பிறகு தெரியவந்தது. துள்ளலை ஆரம்பித்து வைப்பது அமிக்டலா இல்லை, அது உண்டிவில்லின் ரப்பரை இழுத்துப் பிடித்திருக்கிறது. படத்தின் முதல் ஆறு நிமிஷமும் அந்த இழுப்புதான். விட்டது குக்கர்.

விளக்கை அணைத்ததும் சேர்ந்துகொண்டது. இருட்டில் மனிதர்களின் துள்ளல் அதிகமாவதை 1997-இல் அளந்தார்கள். அதே வருஷம் எலிகளில் பார்த்தபோது அப்படியே தலைகீழ், அவை நல்ல வெளிச்சத்தில்தான் அதிகம் துள்ளின! ராத்திரியில் நடமாடும் பிராணிக்கு வெளிச்சம்தான் ஆபத்து. எத்தனை தடவை யோசித்தாலும் எனக்கு இது ஆச்சரியமாகவே இருக்கிறது.

அமிக்டலா பற்றிய முக்கியமான வேலை ஒன்று இந்த ஊரிலேயே நடந்தது. பல்லாரி சாலையில் இருக்கும் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தில் சுமந்திர சட்டர்ஜி குழுவினர், நிம்ஹான்ஸ் என்ற மனநல, நரம்பியல் நிறுவனத்தின் ஆய்வாளரும் சேர்ந்து, நாள்பட்ட மன அழுத்தத்தில் எலியின் அமிக்டலா நியூரான்கள் கிளைகளைப் பெருக்குவதையும், நினைவுக்கு உதவும் ஹிப்போகேம்பஸ் பகுதியில் கிளைகள் சுருங்குவதையும் 2002-இல் காட்டினார்கள். ஒரு படம் பார்த்தால் அப்படியெல்லாம் ஆகாது, கவலை வேண்டாம். ஆனால் தீராத பதற்றத்தோடு வாழ்கிறவர்களைப் புரிந்துகொள்ள இது தேவை. நாட்டின் மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 0.64 சதவீதத்தை மட்டும் ஆராய்ச்சிக்குக் கொடுத்துவிட்டு, 'எலியை வைத்து என்ன கண்டுபிடித்தீர்கள்' என்று கேட்பது எனக்குக் கோபத்தையே தருகிறது.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். தொண்ணூறுகளில் இங்கே வீட்டுக் கதவுகளில் 'நாளே பா' என்று எழுதி வைத்திருந்ததை அக்காவும் அவளுக்குச் சொல்லியிருக்கிறாள். ராத்திரி கதவைத் தட்டி, தெரிந்தவர் குரலில் கூப்பிடும் பேயை 'நாளைக்கு வா' என்று திருப்பி அனுப்புவதற்காம். ஆளைக் காட்டாமல் சத்தத்தை மட்டும் கேட்கவைக்கும் அதே உத்திதான் கதையிலும். அந்தக் கதையைக் கேட்டுவிட்டுப் படுத்தவருக்கு நிஜமாகவே ஒவ்வொரு தட்டலும் பெரிதாகக் கேட்டிருக்கும், அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். அந்தப் பயத்தை வைத்துத் தாயத்து விற்றுக் காசு பார்க்கிறவர்களை மன்னிக்கவும் மாட்டேன்.

மறுநாள் காலை அதே ஆறு நிமிஷத்தைச் சத்தமில்லாமல் போட்டுக் காட்டினேன். இரண்டாவது நிமிஷம் அவள் போனை எடுத்துவிட்டாள். அப்புறம் கண்ணை மூடிக்கொண்டு சத்தத்தை மட்டும் கேட்கச் சொன்னேன், பட்டப்பகலில் காலை மடக்கிச் சோபாவின் மேல் வைத்துக்கொண்டாள். அடுக்களையில் பருப்பு வெந்துகொண்டிருந்தது. அடுத்த விசிலுக்காக நான் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன், அவளும் வரப்போகிறது என்று சிரித்துக்கொண்டே காத்திருந்தாள். வந்தது. மூடியிருந்த இமை இன்னும் ஒரு தடவை இறுகியது.